அடிக்காத வரி

முப்பது ஆண்டுகள் பூட்டியிருந்த மந்திரிசபைக் கூட்டக் குறிப்புகள் அன்றுதான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. ஆவணக் காப்பகத்துக்கு முதல் ஆளாக வந்த பெரியவர், கோப்பைப் புரட்டினார்.

"‘வேலைநிறுத்தக்காரர்களைச் சுடும் உத்தரவைத் தொழில் மந்திரி மட்டும் எதிர்த்தார்.’ இருக்கு! அப்படியே இருக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொலைகாரன் என்று ஊரே தூற்ற, வாய் திறக்காமலே செத்துப்போன மந்திரி அவர். காப்பகப் பெண் அவர் அருகே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க அண்ணனாங்க ஐயா?"

"இல்லம்மா. நான் அந்தக் கூட்டத்தோட சுருக்கெழுத்தர். அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சிடச் சொன்னார் பிரதமர். அடிச்சிட்டேன்னு பொய் சொல்லி சீல் வச்சேன். பின்னாடி யாராவது பார்த்து அடிச்சிருப்பாங்களோன்னு இத்தனை வருஷமா பயம்!" பெரியவர் நிம்மதியாகச் சிரித்தார். "போன் இருக்காம்மா? அந்த மந்திரியோட மகளுக்குச் சொல்லணும்."