நோக்கமானி

தான் விற்ற பழைய மூச்சுக் கருவிகளையெல்லாம் இணையம் வழியே நிறுத்தப்போவதாக ஒரு நிறுவனம் அறிவித்தபோது, அதன் சர்வருக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து தடுத்தவள் மகிழினி. தூத்துக்குடியே அவளைத் தெய்வம் என்றது. "அந்த நோயாளிகள நினைச்சா தூக்கமே வரல" என்று டிவியில் கண்கலங்கினாள்.

ஆனால் புகுந்தது குற்றம் என்று வழக்குப் போட்டார்கள். ஹேக்கர் எதற்காகப் புகுந்தார் என்று, மனதைப் படிக்கும் நோக்கமானி சொன்ன பிறகுதான் தீர்ப்பு; பணத்துக்காக என்றால் சிறை. நீதிமன்றத்தில் அதை அவள் நெற்றியில் ஒட்டினார்கள். முன்வரிசையில் மூச்சுக் கருவியோடு உட்கார்ந்திருந்த சிசிலியம்மா அவளுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

திரையில் எழுத்துகள் தோன்றின.

"பணம்: இல்லை. இரக்கம்: ஏதோ கொஞ்சம். முக்கிய நோக்கம்: 'உன்னால முடியாது' என்று சிரித்த சக ஊழியர் வசந்தனைத் தோற்கடிப்பது."

கேண்டீனில் நடந்த அந்தப் பேச்சை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கேகூட ஒப்புக்கொண்டதில்லை.

பணத்துக்காகச் செய்யவில்லை என்பதால் நீதிபதி விடுதலை செய்தார். தலைகுனிந்து வெளியே வந்தவளின் கையைச் சிசிலியம்மா பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தம்பி வசந்தன் வீடு எங்கம்மா இருக்கு? அவன் சிரிக்கலன்னா இன்னிக்கு நான் மண்ணுக்குள்ளல்லா இருந்திருப்பேன். ஒரு வார்த்த நன்றி சொல்லிட்டு வந்துருதேன்."

அவர் முகத்தில் கேலியின் சாயல்கூட இல்லை. பேசாமல் தன்னைச் சிறைக்கே அனுப்பியிருக்கலாம் என்று மகிழினிக்குத் தோன்றியது.