மக்கள் காவலரின் கதவு

ரோமாபுரியில் மக்கள் காவலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தன் வீட்டுக் கதவைப் பூட்டக்கூடாது. எந்த ஏழையும் எந்த நேரமும் முறையிட வரலாம். தச்சன் நோவியஸின் முன்னோர்கள் ஒரு காலத்தில் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஊரைவிட்டுக் குன்றின்மேல் போய் உட்கார்ந்து, பிரபுக்களிடமிருந்து பிடுங்கிய உரிமை அது. வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறுவார். கதவு திறந்தே கிடக்கும்.

இப்போது ஆள் மாறுவதில்லை. படைத்தலைவர் ஒருவர் அந்தப் பதவியைச் சாகும்வரை தனக்கே என்று வைத்துக்கொண்டார். அவர் மாளிகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடத்தான் நோவியஸைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள்.

"மக்கள் காவலர் வீட்டுக்குத் தாழ்ப்பாளா?" என்றான் நோவியஸ்.

"கண்டவனெல்லாம் உள்ள வந்து தொல்லை பண்றான். பேசாம வேலையப் பாருய்யா," என்று சிரித்தான் மாளிகை மேலாள்.

நோவியஸ் தெருவைத் திரும்பிப் பார்த்தான். தன் மகனைப் படைவீரர்கள் இழுத்துப்போனதை முறையிட வந்த ஒருத்தி, காலையிலிருந்து தெருவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கதவச் சாத்திடுவாங்களா அண்ணே?" என்று அவனிடம் கேட்டாள்.

நோவியஸ் கதவருகே போனான். இரும்புத் தாழ்ப்பாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"ஐயா, இத எந்தப் பக்கம் போடணும்? ஜனங்கள வெளிய நிறுத்த உள்ளயா, இவர உள்ள அடைக்க வெளியிலயா?"

மேலாளின் சிரிப்பு நின்றது. தெருவில் போனவர்களும் நின்றார்கள். அந்தப் பெண் வாசற்படியில் கால் வைத்தாள்.