இல்லாத கால் வலிக்கும்

“கால் வலிக்குது” என்று மறுபடியும் முனகினார் டெய்லர்.

“வலிக்கத்தாங்க செய்யும். வெட்டி எடுத்த காலு கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருக்கிற மாதிரி வலிக்கும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரில்ல?” என்றாள் மனைவி. போர்வையை விலக்கிப் பார்க்க அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பாழாய்ப்போன சர்க்கரை அவருடைய இரண்டு பாதங்களையும் பதம் பார்த்திருந்தது. இரண்டிலும் முழங்கால் வரை கட்டு. ஒன்று வலியே நின்று ஆறிக்கொண்டு வந்தது; இன்னொன்று அழுகிப்போய் உயிரை எடுத்தது.

அதை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, டெய்லர்தான் அவளைத் தேற்றினார். “ஒத்தக் கால் இருந்தா மெஷின மிதிச்சிர மாட்டேனா? விடு.” அந்த ஒற்றைக் காலை நம்பித்தான் இனிக் குடும்பமே.

அந்த வார்டில் யாரும் இடது, வலது என்று சொல்வதில்லை. எதிரே நிற்பவருக்கு ஒன்று, படுத்திருப்பவருக்கு ஒன்று என்று குழம்புமாம். “ஜன்னல் பக்கக் காலை எடுக்கணும், சுவர்ப் பக்கக் கால் தேறிடும்” என்பார்கள். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற பேச்சு என்று அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் பிடித்த மழையில் கூரை ஒழுகி, டெய்லரின் முகத்திலேயே சொட்டியது. தலையணையைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோய், அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். “ஓசியிலேயே குளிச்சாச்சு” என்று சிரித்தார், பாவி மனுஷன்.

காலையில் ஊசி போட்டதும் அவர் கண் சொருகிவிட்டது. மனைவி அவர் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தபோது, அன்றைக்குத்தான் அந்த வார்டுக்கு மாறி வந்த நர்ஸ் பேனாவோடு வந்தாள்.

“எந்தக் கால்மா எடுக்கிறாங்க?”

“ஜன்னல் பக்கக் கால், சிஸ்டர்.” அவள் நிமிரக்கூட இல்லை.

நர்ஸ் கட்டின் மேல் அழுத்தமாக ஒரு அடையாளம் போட்டாள். தள்ளுவண்டி வந்தது. மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஏய், வலிக்குதுடி. உசுரு போகுது.”

“அது போயிருச்சுங்க. மனசுதான் ஏமாத்துது. கண்ண மூடித் தூங்குங்க.”

டெய்லர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் கையைப் பற்றிப் போர்வைக்குள் இழுத்து, தன் கட்டின் மேல் வைத்தார். கட்டு ஈரமாக இருந்தது. இத்தனை நாளாக அவள் மூச்சடக்கித் துடைத்த அதே நாற்றம் மேலே வந்தது.

“போன கால் இல்லடி. இருக்கிற கால்தான் வலிக்குது.”