சாக்பீஸ் குறி

டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டெடுத்த மகராசன் நோலீனைப் போயும் போயும் கெல்வினோடு ஜோடி சேர்த்திருக்கிறான். கிளப்புக்குப் பந்து உருட்ட அவள் வருவது இன்றுதான் முதல் தடவை. புல்தரையில் பந்தை உருட்டி, எதிர்க்கோடியில் கிடக்கும் வெள்ளைக் குட்டிப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதுதான் ஆட்டம். சாயங்கால வெயில் கத்தரித்த புல்லில் படிந்து கிடக்கிறது. வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. கெல்வின் பக்கத்து வீட்டுக்காரன். போன மாதம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், தன் நீச்சல் குளத்தில் பூ கொட்டுகிறதென்று அவளுடைய ஜக்கரண்டா மரத்தை அடியோடு சாய்த்தவன். இப்போது தேனொழுகப் பேசுகிறான். “பந்துல இருக்குற சின்ன வட்டம் உள்பக்கமா இருக்கணும் நோலீன். பந்து அந்தப் பக்கம்தான் வளையும்.” ஆத்திரத்தில் அவள் வட்டத்தை வெளிப்பக்கம் வைத்து உருட்டிவிடுகிறாள். பந்து பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்துவிட, பியரும் கையுமாக நிற்பவர்கள் ஓவென்று சிரிக்கிறார்கள். “விடு, மொத நாள் எல்லாரும் இப்படித்தான்” என்கிறான். அவள் அடுத்த பந்தை எடுத்து, வட்டத்தை உள்பக்கம் திருப்பி உருட்டுகிறாள். அது விலகிப் போய், நிதானமாக வளைந்து, வெள்ளைக் குட்டிப் பந்தை உரசி நிற்கிறது. ஒரே கைதட்டல். வெள்ளையைத் தொட்ட பந்துக்குக் குறி போடுவது இங்கே வழக்கம். இருவரும் அந்தக் கோடிக்கு நடக்கிறார்கள். கெல்வின் முனகிக்கொண்டே மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அவள் பந்தின்மேல் பெருக்கல் குறி போடுகிறான். எழுந்து, “பிரமாதம்!” என்று கையை நீட்டுகிறான். விரலெல்லாம் வெள்ளைத் தூள். நோலீன் அந்தக் கையையே பார்க்கிறாள். “என் மரத்துலயும் இப்படித்தான் குறி போட்டியா கெல்வின், வெட்டுறதுக்கு முன்னாடி?”