பனியில் நின்ற ஓநாய்

ஓநாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்த நடுவர் ஹால்வர்சன், "அடேயப்பா! நாக்குல ஈரம்கூட அப்படியே இருக்கே" என்றார். அவரிடம் பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

செத்த விலங்குகளைப் பாடம் செய்து உயிருள்ளதுபோல நிறுத்துபவர்களுக்கான அலாஸ்கா மாநிலப் போட்டி அது. மார்னி எட்டு வருடமாக இரண்டாம் பரிசோடு வீடு திரும்பியவள். இந்த வருடம் முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்குத்தான் என்று ஃபேர்பேங்க்ஸ் ஊர் முழுக்கப் பேச்சு.

செத்த ஓநாயை நான்கு காலில் நிறுத்த யாராலும் முடியும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, பாரத்தை இடுப்பில் ஏற்றி, இதோ அடுத்த அடி வைக்கப்போகிறது என்று பார்ப்பவனை ஒதுங்கவைக்க மார்னியால்தான் முடியும். ஊன்றிய பாதங்களுக்குக் கீழே செயற்கைப் பனிகூட அளவாக அமுங்கியிருந்தது.

"நான் சுட்டது சார்!" என்று முன்னால் வந்தான் அவள் கணவன் கர்ட்டிஸ். "ஜனவரியில பத்து நாள் தனியாக் காட்டுல கிடந்தேன். முழங்கால் வரைக்கும் பனி. மூக்கு கழண்டு விழுந்துடும்போல குளிரு..."

கதை இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. மார்னி அவனைப் பார்க்காமல் ஓநாயின் கழுத்தைக் கோதிவிட்டாள். ரோமம் அவள் விரல் நகத்தைக்கூட மறைக்கவில்லை.

நடுவரும் அங்கேதான் கை வைத்தார். குனிந்து, விலாவில் ஊதிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதைப் பனியில எதுக்கும்மா நிறுத்தின?"

"சுட்ட இடம் எதுவோ அதுலதானே சார் நிறுத்தணும்? கர்ட்டிஸ் பனின்னுதான் எழுதிக் கொடுத்தான்."

"ஜனவரி ஓநாய்னா ரோமத்துக்குள்ள கையே முழுகிடும். இதுல குளிருக்குன்னு முளைக்கிற அடிப்பஞ்சே இல்ல. இது ஆகஸ்ட்ல செத்தது, யாரோ ஃப்ரீசர்ல போட்டு வச்ச தோல். கோடை ஓநாயைக் கொண்டுவந்து பனியில நிறுத்திட்டியே! ரிப்பன் கிடையாது, மன்னிச்சுக்கோ."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "உன் கைக்குத் தெரியாமலா போச்சு?" என்றார்.

"தோலைப் பிரிச்ச அன்னிக்கே தெரியும் சார். நான் கேட்டா, 'உனக்குச் சந்தேகப் புத்தி'ன்னு வாயை அடைச்சிடுவான். அதான், நாலு பேர் முன்னாடி உங்க வாயால வரட்டும்னு விட்டுட்டேன்."

எட்டு வருட ஆசையை அவள் தன் கையாலேயே பனியில் புதைத்திருந்தாள்.

கர்ட்டிஸ் அசடு வழிந்தான். "சரி, சரி, பொய்தான். வேட்டையில எதுவும் மாட்டல. வெறுங்கையோட வர வெக்கமா இருந்துச்சு, ஒருத்தன்கிட்ட வாங்கிட்டு வந்தேன். இதுக்குப் போய் இவ்வளவு பெரிய கூத்தா?"

"இந்த ஊர்ல வருஷா வருஷம் பாதிப் பேர் வெறுங்கையோடதான் வர்றாங்க கர்ட்டிஸ். நீயும் அப்படி வந்திருந்தா நம்பியிருப்பேன். அந்தப் பத்து நாள் நிஜமாவே காட்டுக்குப் போனவனுக்குச் சாட்சி எதுக்கு?"

அவன் கார் சாவியைத் தேடிப் பாக்கெட்டில் கை விட்டான்.

மார்னி கேட்டாள்:

"யாரு அவ?"