பூசணத்தோடு பேசியவர்கள்

"ஏ பூசணம், ஜன்னலைத் திறந்து வச்சிருந்தா நீ இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருப்பியா?"

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். கேட்டது சுவரைப் பார்த்து.

ஸ்டூலின் மேல் நின்ற புருஷன் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். கையில் பழைய பிரஷ். பக்கத்தில், பீரோவின் தலையில், பிளீச்சிங் பவுடர் கரைத்த டப்பா. அவனும் சுவருக்கே பதில் சொன்னான்.

"ஈரத்துணியை வீட்டுக்குள்ள கொடி கட்டிக் காயப்போட்டா, பூசணமே, உன்னை வெத்தலை பாக்கு வச்சு வேற அழைக்கணுமா?"

போன வாரச் சண்டையிலிருந்து இப்படித்தான். நேருக்கு நேர் பேச்சு கிடையாது. எல்லாம் ஜாடைதான்.

அன்று அவனுக்கு வாய் முந்திவிட்டது. அவளுடைய சோம்பேறித்தனம்தான் சுவரில் முளைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். அவள் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அந்த வாடை எனக்கு ஆகாது" என்றாள், கதவிடம்.

எந்த வாடை என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. நாளெல்லாம் சிமென்ட் மூட்டை சுமந்து வியர்க்கிற உடம்பு.

அதனால்தான் லீவு நாளில் இந்த வேலை. காற்றுப் போக பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தியாயிற்று. ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. கொடியை அவளே அவிழ்த்துவிட்டாள். காய்ந்த சுவரைத் தேய்த்தால் பொடி பறந்து வீடெல்லாம் பரவும் என்று, ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்தபடி மறுகையால் துணியை நனைத்து நனைத்து நீட்டினாள்.

வாங்கும்போது விரல் பட்டது. இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

கறுப்பு கரைந்து வழிந்தது. சுவர் வெளுத்தது.

வெளுக்க வெளுக்க அவன் கை மெதுவானது.

பூசணம் இருக்கிறவரை, அவள் சமையலறையில் படுப்பதற்குப் பூசணம் காரணம். அது போன பிறகும் பாய் அங்கேயே கிடந்தால்?

அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. மூட்டையைவிடக் கனத்தது.

மூலையில் ஒரே ஒரு புள்ளி மிஞ்சியிருந்தது, மிளகளவு. அதைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். தோள் கடுத்தது. டப்பா காலியானது. வெறும் பிரஷால் தேய்த்தான். "சரியான அழுத்தக்கார பூசணம்" என்று அதனிடமே சலித்துக்கொண்டான்.

கீழே அவள் துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள்.

பிறகு ஸ்டூல் லேசாக ஆடியது. அவள் அண்ணாந்து பார்த்தாள், சுவரை அல்ல, அவனை.

"அது பூசணம் இல்லைங்க. ஆணி ஓட்டை. இறங்கி வாங்க, கழுத்து பிடிச்சுக்கப் போவுது."

அவனுக்குத் தெரியாதா என்ன?

குடிவந்த அன்று, ஒரே கொசுவலைக்குள் இரண்டு பேர் படுப்பதற்காக, அந்த ஆணியை அடித்ததே அவன்தான்.