ஜன்னலைப் பார்த்த ஸ்பீக்கர்

ஆஸ்பத்திரிக்கு எதிரே போட்டிருந்த மேடைக்குப் பின்னால் போனவன் யாரையும் கேட்கவில்லை. சரியான வயரைப் பிடித்து உருவினான். “மைக் டெஸ்டிங்” பாதியில் நின்றுபோனது.

“யாருய்யா நீ?” என்று கட்சிச் செயலாளர் பாய்ந்து வந்தார்.

“மெதுவாப் பேசுங்க. ஸ்பீக்கர் எந்த ஜன்னலைப் பார்த்து நிக்குதுன்னு பாருங்க. குறைமாசக் குழந்தைங்க வார்டு அது. என் பொண்ணு நேத்துதான் பொறந்தா, ஏழாம் மாசத்துல.”

“அதுக்கு?”

“மூளையில ரத்தக்குழாய் நூலை விட மெல்லிசா இருக்காம். திடுக்குனு சத்தம் கேட்டா அழுத்தம் ஏறி உள்ளேயே கசிஞ்சுடலாமாம். முதல் மூணு நாள்தான் கண்டம். நர்ஸு கதவைக்கூடப் பூப்போல மூடறாங்க. பெத்தவன் நானே இன்னும் தொட்டுப் பார்க்கல.”

“பர்மிஷன் வாங்கியாச்சு. வயரைச் சொருகு.”

“மாட்டேன்.”

“மைக் செட்டு என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா? ஓனருக்கே போன் போடறேன். வந்து உன் காலை ஒடிப்பான்.”

“போடுங்க.”

ஸ்பீக்கர் பெட்டியில் எழுதியிருந்த எண்ணைச் செயலாளர் அழுத்தினார். எங்கேயும் மணி அடிக்கவில்லை. எதிரே நின்றவனின் சட்டைப் பை மட்டும் சத்தமில்லாமல் அதிர்ந்தது.

அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

“ஓனர்தான் பேசறேன்” என்றான் தாழ்ந்த குரலில். “ஆமா, என் அப்பன் வீட்டுச் சொத்துதான். நான் வார்டு வாசல்ல கிடந்த நேரத்துல கடைப் பசங்க என்னைக் கேக்காம கட்டிட்டானுங்க. மூணு நாளைக்கு என் கடையில சத்தம் வாடகைக்குக் கிடையாது.”